மூட்டைப்பூச்சிக்கு ஹீட்டர்: மதுரைச் செங்கல் வீட்டில் எது எடுபடும்?

2,000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்றை வாங்கிக் கதவைச் சாத்திவிட்டால் மூட்டைப்பூச்சி செத்துவிடும் என்று நினைத்துப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், அந்தப் பணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் செலவழிக்கலாம். மதுரை வீட்டில் அந்த ஒற்றை ஹீட்டர் ஒரு அறையைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுபோகாது. வெப்பத்தால் மூட்டைப்பூச்சியை முழுதாகக் கொல்ல முடியும் என்பது உண்மை. மருந்துக்குப் பழகிப்போன பூச்சியும், பல மருந்துகளுக்கு அசையாத முட்டையும் சூட்டுக்குத் தப்பாது. ஆனால் எந்த ஹீட்டரை, எந்த அளவு இடத்துக்கு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஐந்து வகை ஹீட்டர்களை இந்த ஒரு வேலைக்காக மட்டும் இங்கே எடை போட்டிருக்கிறோம். ஒரே வகைக்குள் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் இல்லாததால் பெயர்களுக்குள் போகவில்லை.

முதலில் எட்ட வேண்டிய சூடு. 45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சிகள் சாக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அதே 45-ல் முட்டைகள் ஏழு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். 48 டிகிரிக்குப் போனால் முட்டைக்கு 72 நிமிடம் போதும். 55-ஐத் தொட்டால் முட்டையும் உடனே முடிந்தது. மூன்று டிகிரி வித்தியாசத்தில் ஏழு மணி நேரம் 72 நிமிடமாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். இந்த வேலையில் ‘கிட்டத்தட்ட’ என்பதற்கு இடமே இல்லை. இந்த அளவுகள் குளிர்நாட்டு இனமான சிமெக்ஸ் லெக்டுலேரியஸில் எடுக்கப்பட்டவை. நம் பக்கம் வெப்பமண்டல இனமான சிமெக்ஸ் ஹெமிப்டெரஸும் உண்டு. அதனால் 48-ஐவிட நான்கு டிகிரி கூட்டி, அறையின் மிகக் குளிர்ந்த மூலையில் 52 டிகிரி, இரண்டு மணி நேரம் விடாமல் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது பத்திரம். அறை நடுவே தொங்கும் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்பது கணக்கில் வராது.

இனி அறைக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரம். உள்ளே இருக்கும் காற்று 34 கன மீட்டர், எடை 41 கிலோ. அந்தக் காற்றை மட்டும் 20 டிகிரி ஏற்றக் கால் யூனிட் கரண்ட்கூட வேண்டாம். 2,000 வாட் ஹீட்டர் ஏழு நிமிடத்தில் ஏற்றிவிடும். ஆனால் நாம் சூடாக்குவது காற்றை அல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதன் மேல் பூச்சு, தலைக்கு மேல் ஐந்து அங்குல கான்கிரீட், காலுக்குக் கீழே டைல்ஸ், அதற்கும் கீழே மண். மொத்தம் 63 சதுர மீட்டர் பரப்பு, ஹீட்டர் தருகிற சூட்டையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். 2,000 வாட்டை இந்தப் பரப்புக்குப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 32 வாட்தான் விழும். எட்டு மணி நேரம் ஓடிய பிறகும் சுவர் மேற்பரப்பு சுமார் 6 டிகிரி, காற்று சுமார் 10 டிகிரி ஏறியிருக்கும் என்பதுதான் கணக்கு. 34-ல் தொடங்கினால் காற்று 44, சுவர் 40. கதவு ஜன்னல் சந்தில் போகிற சூட்டைக் கழித்தால் அதுவும் குறையும். அந்தச் சூட்டில் பூச்சி சாகாது, இடம் மாறும். அமெரிக்க வீடியோக்களில் சின்ன ஹீட்டரை வைத்தே அறையைச் சூடாக்கிக் காட்டுகிறார்கள் என்றால், அங்கே சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் வெப்பம் கடத்தாத பஞ்சு. அந்த வீட்டுக்கான அளவை நம் வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் முதல் தவறு.

ஃபேன் ஹீட்டர், அதாவது ரூ.1,500 முதல் 3,000 வரை விற்கும் சின்ன ப்ளோயர், இன்னொரு வகையிலும் கைவிடும். உள்ளே ஒரு தெர்மல் கட்-ஆஃப் இருக்கிறது. குளிர்ந்த காற்று உள்ளே வந்து கம்பியைத் தாண்டிச் சூடாக வெளியே போகும் என்ற எண்ணத்தில் வடிவமைத்த கருவி அது. அறைக் காற்றே 45-ஐத் தாண்டினால் உள்ளே போவதே சூடான காற்று. கட்-ஆஃப் விழுந்து ஹீட்டர் அணைந்துவிடும். அந்தக் கட்-ஆஃபை ஷார்ட் செய்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆளில்லாத அறையில், பஞ்சு மெத்தைக்குப் பக்கத்தில், பாதுகாப்பைப் பிடுங்கிய ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடுவது வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம்.

இரண்டு மூன்று ஹீட்டர்களைச் சேர்த்து வைக்கலாமே என்று தோன்றும். ஒன்று இழுப்பது 8.7 ஆம்பியர். சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் போடவே கூடாது. 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அறைக்கு ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் இருப்பதே பெரிது, அதுவும் ஏசிக்குப் போயிருக்கும். ஹாலில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தால், டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் விற்கிற பாக்ஸ் தாங்காமல் பிளக் முள் கருகும். இழுத்தே ஆக வேண்டுமானால் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் செம்பு ஒயர், உலோகப் பெட்டி, 16 ஆம்பியர் பிளக் டாப். ஒயரைச் சுருளாக விடாமல் முழுதாக அவிழ்த்துப் போட வேண்டும். வோல்டேஜ் குறைவையும் மறந்துவிடக் கூடாது. சாயங்காலம் 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் 2,000 வாட் ஹீட்டர் 1,500 வாட்தான் தரும். வாட் வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தில் குறைகிறது.

ஆயில் ரேடியேட்டர் வகை ரூ.7,000-க்கு மேல். சத்தமில்லாமல் ஓடும், கொடைக்கானல் குளிருக்கு நல்ல பொருள். இந்த வேலைக்கு ஆகாது. டிஜிட்டல் தெர்மோஸ்டாட் உள்ளவற்றில் வைக்கக்கூடிய உச்சம் பெரும்பாலும் 35 டிகிரி. கோடையில் மதுரை அறை ஹீட்டர் இல்லாமலே அங்கே நிற்கும். சிவப்பாக எரியும் ஹாலோஜன், குவார்ட்ஸ் ராடு வகை எதிரே இருப்பதை மட்டும் சுடும். கட்டில் முன்பக்கம் கருகும், பின்பக்கத்து ஆணி ஓட்டையில் பூச்சி சுகமாக இருக்கும். மெத்தை அருகே வைப்பதற்கு எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். அதைவிட மோசமானது அடைத்த அறையில் கேஸ், மண்ணெண்ணெய், கரி அடுப்பு எதையாவது எரிப்பது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும்.

முழு அறைக்கும் உண்மையிலேயே வேலை செய்வது நான்காவது வகை: 9 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட த்ரீ ஃபேஸ் இண்டஸ்ட்ரியல் ப்ளோயர் ஹீட்டர். 415 வோல்டில் ஃபேஸ் ஒன்றுக்கு 12.5 ஆம்பியர் இழுக்கும். சதுர மீட்டருக்கு 143 வாட் விழுவதால், கோடையில் நான்கைந்து மணி நேரத்தில் சுவர் ஓரத்தை 50-க்குக் கொண்டுவந்துவிடலாம். வாங்கும்முன் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட்டின் உச்ச அளவு. 40-ல் நின்றுவிடும் மாடல்களும் உண்டு, அவை வீண். 60 வரை வைக்க முடிய வேண்டும், அந்தச் சூட்டுக் காற்றில் ஓடலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கவும் வேண்டும். எட்டு மணி நேரம் ஓடினால் உச்சமாக 72 யூனிட். இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்கட்டணத்தின் படியே மாறிவிடும் என்பதால், மீட்டரைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒரு குடும்பத்துக்காக இதை வாங்குவது அதிகம். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜ் நடத்துபவர்களுக்கும், கே.கே. நகர், அண்ணா நகரில் ஹாஸ்டல் வைத்திருப்பவர்களுக்கும் நன்றாகப் பொருந்தும். காலையில் காலி செய்த அறையை இரவுக்குள் திருப்பித் தரலாம்; மருந்து நாற்றம் இல்லை. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கூரையில் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் உள்ள ஸ்ப்ரிங்க்ளர் (தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும் கருவி) இருந்தால் அது 68 டிகிரியில் உடையும். தரையில் 50 வரும்போது கூரையடியில் 65 இருப்பது சாதாரணம். நெருப்பு அலாரத்தின் வெப்ப உணரி 57, 58-லேயே அலறும். ஸ்ப்ரிங்க்ளர் உள்ள அறையில் அதைப் பராமரிப்பவரைக் கேட்காமல் ஹீட்டரைத் தொடவே வேண்டாம்.

ஹீட்டரைவிட முக்கியமானது தெர்மாமீட்டர். ஒயர் முனையில் உலோக நுனி உள்ள டிஜிட்டல் புரோப் தெர்மாமீட்டர் ஒவ்வொன்றும் ரூ.300-க்குள் கிடைக்கும். ஒரு அறைக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். ஒன்று மெத்தையின் நடுவே, ஒன்று தரையும் சுவரும் சேரும் வெளிச்சுவர் மூலையில், ஒன்று கட்டில் கால் இணைப்பில், ஒன்று பீரோவுக்குள் துணிக்கு நடுவே, ஒன்று கடப்பா கல் அலமாரியின் உள் ஓரத்தில். கடப்பா கல்லும் தரை மூலையும்தான் பெரும்பாலும் கடைசியில் சூடேறும். ஒயரைக் கதவுக்கு வெளியே விட்டு, சூடான அறைக்குள் போகாமலே அளவைப் படிக்க வேண்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் கருவி மேற்பரப்பை மட்டும் சொல்லும், மெத்தைக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42-ல் நின்றுவிடும்.

அறையைத் தயார் செய்வதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். மெத்தையைப் படுக்கப் போடாமல் இரண்டு இரும்பு நாற்காலிக்கு நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் காற்று பட வேண்டும். போடி பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை என்றால் தனிக் கவனம்: அது சூட்டைக் கடத்தவே கடத்தாது, நடுப்பகுதி ஏறப் பல மணி நேரம் ஆகும், தீப்பிடித்தால் அணைக்கவும் முடியாது. ஹீட்டர் வாய்க்கும் மெத்தைக்கும் ஐந்தடி இடைவெளி வேண்டும். துணிகளை மடிப்பாக அடுக்காமல் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிடலாம். பீரோ கதவும் இழுப்பறைகளும் திறந்திருக்கட்டும். கட்டிலை முடிந்தவரை கழற்றுங்கள். சாமி படம், காலண்டர், கடிகாரம் எல்லாவற்றையும் சுவரிலிருந்து எடுத்து அறைக்குள்ளேயே நிற்க வையுங்கள். அவற்றின் முதுகுதான் பூச்சிக்குப் பிடித்த இடம்.

வெளியே எடுக்க வேண்டியவை: சென்ட், கொசு மருந்து, ஷேவிங் ஃபோம் போன்ற அழுத்த டப்பாக்கள், லைட்டர், செல்போன், பவர் பேங்க், இன்வெர்ட்டர் பேட்டரி, மாத்திரை மருந்துகள், இன்சுலின், கற்பூரம், மெழுகுவத்தி, டிவி. தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். வீணையும் அப்படித்தான், மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன, இந்தச் சூட்டில் இளகி எல்லாம் நகர்ந்துவிடும். ஆனால் வெளியே எடுக்கும் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஜிப் பையில் கட்டித்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சியையும் சேர்த்துத் தூக்கிப்போய்ப் பக்கத்து அறையில் வைத்ததாக ஆகும்.

சூடு ஏறத் தொடங்கியதும் பூச்சி ஓடும். சுவிட்ச் போர்டு பைப், நிலைச் சட்ட விரிசல், கதவடி வழியாக அடுத்த அறைக்கு, லாட்ஜ் என்றால் அடுத்த வாடிக்கையாளரிடம். ஆகவே ஹீட்டரை ஆன் செய்யும்முன் கதவடியில் துணி திணித்து, ஜன்னல் சந்துக்கு டேப் ஒட்டி, நிலை ஓரத்திலும் சுவரடியிலும் பூச்சியின் உடலை உலர்த்திக் கொல்லும் டயட்டமேஷியஸ் எர்த் பொடியை மெல்லிய கோடாக இடுவது அவசியம். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுதான் சரி. குவித்துக் கொட்டினால் பூச்சி சுற்றிக்கொண்டு போகும். காற்றைக் கீழே தள்ள சீலிங் ஃபேனை மெதுவாக ஓட்டலாம். தரை மூலைகளுக்கு உலோக இறக்கை உள்ள ஃபேனைத் தாழ்வாக, சுவரை நோக்கி வையுங்கள். பிளாஸ்டிக் டேபிள் ஃபேன் இந்தச் சூட்டில் நாள் முழுக்க ஓடினால் மோட்டார் போய்விடும். காற்று 60-ஐத் தாண்ட விடாமல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லாப் புரோப்களையும் எழுதி வைத்து, கடைசிப் புரோப்பும் 52-ஐத் தொட்ட பிறகுதான் இரண்டு மணி நேரக் கணக்கைத் தொடங்க வேண்டும். நடுவே கரண்ட் போய் அளவு கீழே இறங்கினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் கடைசிவரை விழித்திருக்க வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இயற்கையே ஒரு உதவி செய்கிறது. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் மாடி அறைச் சுவரே 37, 38 டிகிரியில் இருக்கும். தேவையான ஏற்றம் பதினைந்து டிகிரிதான். மார்கழியில் அதே அறைக்கு இருபத்தைந்து வேண்டும். மொட்டை மாடித் தளத்தில் மதியம் விழுந்த வெயில் உள்பக்கம் வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆவதால், பகல் பதினொரு மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் கூரையே நமக்காக வேலை செய்யும். கீழ்த்தளத்தில் அந்த லாபம் இல்லை. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில், கட்டையும் செங்கலும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே எத்தனையோ சந்து உண்டு. ஓட்டு வீட்டில் சூடு அப்படியே மேலே போய்விடும். இந்த இரண்டு வகை வீட்டுக்கும் முழு அறை வெப்பத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது ஐந்தாவது வகை: மடக்கி வைக்கும் வெப்பப் பெட்டி. கம்பிச் சட்டத்தின் மேல் வெப்பம் கடத்தாத துணி உறை, உள்ளே சிறிய ஹீட்டர், சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி. சுவரைச் சூடாக்கும் வேலையே இல்லாததால் ஒன்று, ஒன்றரை கிலோவாட் போதும். 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றில் ஓடிவிடும். துணி, பெட்டி, பள்ளிக்கூடப் பை, ஷூ, தலையணை, புத்தகம், பிரித்த கட்டில் சட்டம் எல்லாம் இதில் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் பின்புற லேபிளைப் பாருங்கள்: அமெரிக்க மாடல்கள் 120 வோல்டுக்கானவை, நம் 230-ல் போட்டால் அந்த நிமிடமே போய்விடும். பெட்டியில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், தடிமனான மூட்டையின் நடுவே புரோப்பைச் செருகி, அது 52-ஐத் தொட்டபின் இரண்டு மணி நேரம். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். தலையணை ஏறும் நேரமும் சட்டை ஏறும் நேரமும் ஒன்றல்ல. குறை என்னவென்றால் பெரிய மெத்தை நுழையாது. அதற்கும் கட்டில் இணைப்பு, நிலை விரிசல்களுக்கும் நீராவி அடிக்கும் கருவியை ஓரடிக்குப் பத்துப் பதினைந்து விநாடி என்ற வேகத்தில் நகர்த்தினால் வேலை முடியும். சுவிட்ச் போர்டில் மட்டும் நீராவி அடிக்கக் கூடாது.

மொட்டை மாடியில் மெத்தையை வெயிலில் போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்தபடி போட்டால் பூச்சி நிழல் பக்கம் இறங்கி மாடியிலிருந்து ஓடிவிடும், அவ்வளவுதான். துணியை மெல்லிசாகப் பரப்பிக் கறுப்பு பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, கோடை உச்சி வெயிலில் வைத்தால் நடக்கும், ஆனால் உள்ளே வைத்த புரோப் 52 காட்டினால் மட்டுமே. கயிற்றுக் கட்டிலுக்குக் கொதிநீர் ஊற்றுவது இன்றைக்கும் செல்லும் வைத்தியம். செல்ஃபாஸ் எனப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையையும் கொல்லும்.

‘ஹீட் ட்ரீட்மென்ட்’ என்று விளம்பரம் செய்யும் ஆட்களைக் கூப்பிட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். மொத்தம் எத்தனை கிலோவாட்? எத்தனை புரோப், எங்கெங்கே? மணிக்கு மணி எழுதிய அளவுத் தாளைத் தருவீர்களா? பதினைந்து நாளில் திரும்ப வந்து பார்ப்பீர்களா? இரண்டு ப்ளோயரைத் தூக்கி வந்து இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கரையானுக்கு இது உதவாது, கூடு மண்ணுக்குள் இருக்கிறது. மரம் துளைக்கும் வண்டுக்கு மரத்தின் மையமே 56 டிகிரியில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். சன்னமான நாற்காலி கால் தாங்கும், தேக்குத் தூண் தாங்காமல் வெடிக்கும்.

வேலை முடிந்த அன்றே கட்டிலைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, நான்கு கால்களுக்கும் உள்பக்கம் டால்கம் பவுடர் தடவிய வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வையுங்கள். போர்வை தரையைத் தொடக் கூடாது. தப்பி மிஞ்சிய முட்டை நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்துவிடும் என்பதால், பதினான்காம் நாள் கிண்ணத்தைப் பாருங்கள். பிறகு ஆறாவது வாரம் வரை வாரம் ஒரு முறை. ஒரே ஒரு குஞ்சு கிடந்தாலும், எழுதி வைத்த அளவுகளில் எந்தப் புரோப் கடைசியாக 52-ஐத் தொட்டதோ அந்த மூலையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.